‘போதும்’ என்று சொல்வது யார்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செரித்தல் பாடத்தை நாம் எல்லோரும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வாயில் தொடங்கி மலக்குடல் வரை படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, நொதிகளின் பெயர்களை அட்டவணையாக எழுதிப் போட்டால் பாடம் முடிந்தது. ஹார்மோன்கள் வேறொரு பாடத்தில் வருகின்றன. பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரீனல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே நாம் அதிகம் பேசாத ஓர் உறுப்பு இருக்கிறது. அதுதான் குடல். செரிக்கும் உறுப்பாக மட்டுமே நாம் அதை அறிமுகம் செய்கிறோம். ஆனால் நம் உடலில் உள்ள நாளமில்லாச் சுரப்பிகளிலேயே மிகப் பெரியது குடல்தான் என்கிறார்கள் உடலியல் அறிஞர்கள். அதன் உட்சுவர் முழுக்க ஹார்மோன் சுரக்கும் செல்கள் விதைத்ததுபோல் பரவிக் கிடக்கின்றன.

எண்ணெய் மிகுந்த உணவை நாம் உண்ணும்போது இந்தச் செல்கள் என்ன செய்கின்றன, உடல் பருமன் உள்ளவர்களிடம் அதே செல்கள் எப்படி வேறாக நடந்துகொள்கின்றன என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் நான் பேச விரும்புவது. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் இது 37 விழுக்காடு. நம் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். நம் வகுப்பில் உயரமான மாணவன், குள்ளமான மாணவன் இருப்பதுபோலப் பருமனான மாணவனும் இருக்கிறான். அவனுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பது, அவன் உடலில் நடப்பதை நாம் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஹார்மோன் என்ற சொல் பிறந்த இடம்

முதலில் சிறிது வரலாறு. ஹார்மோன் என்ற கருத்தே குடலில்தான் பிறந்தது என்பதை மாணவர்களிடம் சொன்னால் வியந்து கேட்கிறார்கள்.

1902-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். அமிலம் கலந்த உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் தன் நீரைச் சுரக்கிறது. கணையத்துக்கு இந்தச் சேதியை யார் சொல்வது? நரம்புதான் சொல்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. ரஷ்யாவின் பாவ்லோவ் அதை வலுவாக நிறுவியிருந்தார். இவர்கள் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதற்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் துண்டித்தார்கள். அந்தப் பகுதிக்குள் அமிலத்தை விட்டபோதும் கணையம் சுரந்தது. நரம்பு இல்லை, ஆனாலும் சேதி போய்விட்டது. குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை இரத்தத்தில் செலுத்தினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல், இப்படி இரத்தத்தின் வழியே சேதி கொண்டுபோகும் பொருள்களுக்கு ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்தினார்.

குடல் தரும் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகப் பின்னர் தெரியவந்தன. 1928-இல் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனின் கண்டறியப்பட்டது. இதைச் சி.சி.கே. என்று சுருக்கிச் சொல்வோம். இதே பொருள் எலிகளை உணவுத் தட்டிலிருந்து விலகச் செய்கிறது என்பது 1973-இல் தெரிந்தது. பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன் 1980-இல் ஸ்வீடனில் பிரித்தெடுக்கப்பட்டது. இரு முனைகளிலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. நாம் படித்த காலத்துப் பாடநூல்களில் இதற்கு இடமிருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு பஜ்ஜியின் பயணம்

பள்ளிக்கு வெளியே வண்டிக்கடையில் ஒரு மாணவன் இரண்டு பஜ்ஜி வாங்கிச் சாப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் உள்ள எண்ணெயைப் பின்தொடர்ந்து போவோம்.

இரைப்பையில் எண்ணெய்க்குப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சிறிதளவே செரிக்கிறது. அது முன்சிறுகுடலுக்குள் சொட்டுச் சொட்டாக வரும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பித்தநீர் அதைப் பால்மமாக்குகிறது. கணையத்தின் லைப்பேஸ் அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெயை எண்ணெயாகக் குடல் செல்கள் அறிவதில்லை. உடைந்து வந்த கொழுப்பு அமிலத்தைத்தான் அறிகின்றன. அதிலும் 12 கார்பன்களோ அதற்கு மேலோ உள்ள நீண்ட சங்கிலியாக இருந்தால்தான் சி.சி.கே. நன்றாகச் சுரக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் ஆகியவற்றின் முக்கியக் கொழுப்பு அமிலங்கள் 16 அல்லது 18 கார்பன் கொண்டவை. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்துக்குச் சரியாக 12. பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் கார்பன் சங்கிலி இங்கே வயிற்றுக்குள் வந்து நிற்கிறது.

சி.சி.கே. வெளிவந்ததும் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடக்கின்றன. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை அனுப்புகிறது. கணையம் நொதிகளை அனுப்புகிறது. இரைப்பையின் வாசலில் உள்ள பைலோரஸ் தசை இறுகி, ‘உள்ளே வந்ததை முடிக்கும் வரை அடுத்ததை அனுப்பாதே’ என்று தடுக்கிறது. நான்காவதாக, வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டி முகுளத்துக்குச் சேதி அனுப்புகிறது. அங்கிருந்து அது ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. ‘வயிறு நிறைகிறது’ என்று நாம் உணர்வதன் தொடக்கம் இதுதான்.

இன்னும் கீழே, பின்சிறுகுடலிலும் பெருங்குடலிலும் வேறுவகைச் செல்கள் இருக்கின்றன. பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி-1 என்ற இரண்டையும் சுரப்பவை இவை. எண்ணெய் அங்கே போய்ச் சேரும் முன்னரே மேற்பகுதியிலிருந்து சேதி கிடைத்து இவை சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. பி.ஒய்.ஒய். பல மணி நேரம் இரத்தத்தில் உயர்ந்தே நிற்கும். செரிக்காத கொழுப்பு பின்சிறுகுடல் வரை வந்துவிட்டால் முழுக் குடலும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உடலியலார் இதைப் பின்சிறுகுடல் பிரேக் என்றே அழைக்கிறார்கள். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட மாலையில் மந்தமாக இருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பிரேக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

இதற்கிடையே இரைப்பை சுரந்துகொண்டிருந்த கிரெலின் குறைகிறது. கிரெலின் பசியைக் கிளப்பும் ஹார்மோன். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் உயரும், சாப்பிட்டதும் இறங்கும்.

மாணவர்களுக்கு இதை நான் பந்தியை வைத்து விளக்குவேன். கிரெலின் என்பது ‘சாப்பிட வாங்க’ என்று அழைக்கும் குரல். சி.சி.கே., பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி-1 மூன்றும் ‘போதும்’ என்று இலைக்கு மேலே நீட்டும் கை. பரிமாறுகிறவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் வாளியோடு நகர்ந்து போகிறார். பந்தியில் சரியான அளவு உண்பது என்பது அழைப்பும் கையும் சேர்ந்து செய்யும் வேலை.

ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அந்தக் கையை நீட்டாதவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள். உடல் பருமன் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

கை தாழ்ந்து நீளும்போது

உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்தச் சேதிகள் எப்படி இருக்கின்றன என்று கடந்த 20, 25 ஆண்டுகளாகப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முறை எளியதுதான். இரவு பட்டினி இருக்கச் சொல்லி, காலையில் குறிப்பிட்ட அளவு உணவு கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தம் எடுத்து ஹார்மோன்களை அளப்பார்கள். கூடவே ‘இப்போது எவ்வளவு பசிக்கிறது?’ என்று ஒரு கோட்டில் குறிக்கச் சொல்வார்கள்.

கிரெலினை எடுத்துக்கொள்வோம். பருமனானவர்களுக்குப் பசி ஹார்மோன் அதிகம் இருக்கும் என்றுதான் நாம் ஊகிப்போம். பட்டினி நிலையில் அளந்தால் அவர்களுக்குக் கிரெலின் சராசரியாகக் குறைவாகவே இருக்கிறது. வேறுபாடு சாப்பிட்ட பிறகு தெரிகிறது. 2002-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஒல்லியானவர்களுக்கு உணவுக்குப் பின் கிரெலின் நன்றாக இறங்கியது. பருமனானவர்களுக்கு அந்த இறக்கம் தெரியவில்லை. பந்திக் கணக்கில் சொன்னால், சாப்பிட்டு முடித்த பிறகும் ‘வாங்க’ என்ற குரல் ஓயவில்லை. இதில் கொழுப்புக்குத் தனிப் பங்கு உண்டு. ஒரே அளவு கலோரியைத் தந்தாலும், மாவுச்சத்தும் புரதமும் கிரெலினை அடக்கும் அளவுக்குக் கொழுப்பு அடக்குவதில்லை.

பி.ஒய்.ஒய். பற்றிய ஆய்வு இன்னும் தெளிவானது. லண்டனில் 12 பருமனானவர்களையும் 12 ஒல்லியானவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. பருமனானவர்களுக்கு இயல்பாகச் சுரக்கும் பி.ஒய்.ஒய். குறைவாக இருந்தது. அதே ஹார்மோனை ஊசி வழியே இரத்தத்தில் செலுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரும்பிய அளவு உண்ணும்படி விருந்து வைத்தார்கள். ஒல்லியானவர்கள் வழக்கத்தைவிட 31 விழுக்காடு குறைவாக உண்டார்கள். பருமனானவர்கள் 30 விழுக்காடு குறைவாக உண்டார்கள். இரண்டு எண்களையும் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றுதான். சேதி வந்து சேர்ந்தால் பருமனானவரின் மூளையும் அதே மாதிரி கீழ்ப்படிகிறது. சேதி அனுப்பப்படுவதில்தான் குறை.

ஜி.எல்.பி-1 உணவுக்குப் பின் உயரும் அளவு பருமனானவர்களிடம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சில ஆய்வுகளில் வேறுபாடு தெரியவில்லை. சி.சி.கே.யைப் பொறுத்தவரை முடிவுகள் இன்னும் கலவையாகவே இருக்கின்றன. முன்சிறுகுடல் சுரக்கும் ஜி.ஐ.பி. என்ற ஹார்மோன் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. கொழுப்பு உணவுக்குப் பின் அது பருமனானவர்களிடம் கூடுதலாக உயர்வதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்பைச் சேமிப்புத் திசுவில் சேர்க்க உதவுவது அதன் வேலைகளில் ஒன்று.

ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னோர் ஆய்வு, குடல் செல்களின் உணர்திறனையே சோதித்தது. ஒலீயிக் அமிலத்தை மெல்லிய குழாய் வழியே நேராக முன்சிறுகுடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஒல்லியானவர்களுக்குப் பைலோரஸ் நன்றாக இறுகியது. பருமனானவர்களுக்கு அந்த இறுக்கம் குறைவு. அவர்களுடைய நாக்கும் அதே அமிலத்தின் சுவையைக் குறைவாகவே உணர்ந்தது.

இவை எல்லாம் சராசரிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. பருமனான ஒவ்வொருவருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. பருமன் வந்ததால் சேதி குறைந்ததா, சேதி குறைந்ததால் பருமன் வந்ததா என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லை. இரண்டு திசையிலும் ஓடுகிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

பழக்கமும் ஒரு கை பார்க்கிறது

ஒல்லியாக இருப்பவர்கள் இத்துடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கொழுப்பு உணவுக்குக் குடல் பழகிப்போகும். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு 14 நாள்கள் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து 1991-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். முதல் நாள் மெதுவாக இரைப்பையை விட்டு இறங்கிய கொழுப்பு உணவு, இரண்டு வாரம் கழித்து வேகமாக இறங்கியது. வாசற்காவலர் தினமும் அதே ஆளைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்துடன் கொழுப்பின் செறிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கிலோகலோரி. அது வயிற்றில் அடைக்கும் இடமோ மிகக் கொஞ்சம். இரைப்பை விரிவதால் வரும் நிறைவுணர்வை அது தருவதில்லை. வாயிலும் மூளையிலும் அது தரும் இன்பம் மட்டும் பெரிது. அழைக்கும் குரல் ஓங்கி ஒலிக்க, ‘போதும்’ என்ற கை தாமதமாக நீளும் உணவு அது. பரோட்டாவும் சால்னாவும் எவ்வளவு உள்ளே போனது என்று எழுந்த பிறகுதான் தெரிகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘வாயைக் கட்டினால் போதும்’

பருமனானவரைப் பார்த்ததும் நாம் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். வாயைக் கட்டியவர்களுக்கு என்ன நடக்கிறது என்றும் அளந்திருக்கிறார்கள்.

2011-இல் மெல்போர்னில் இருந்து ஓர் ஆய்வு வெளியானது. அதிக எடையுள்ள 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அப்போது அவர்களுடைய கிரெலின் உயர்ந்தது, பி.ஒய்.ஒய்., சி.சி.கே. இரண்டும் தாழ்ந்தன. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் தாழ்ந்தது. அதாவது அழைக்கும் குரல் ஓங்கியது, தடுக்கும் கை தளர்ந்தது. ஓராண்டு கழித்து மறுபடி அளந்தபோதும் இந்த மாற்றங்கள் முழுதாகச் சரியாகவில்லை. அவர்களுக்குப் பசியும் அதிகமாகவே இருந்தது. குறைந்த எடையை உடல் இழப்பாகக் கணக்கெழுதி, திரும்பப் பெற முயன்றுகொண்டே இருக்கிறது. டயட் இருந்து இளைத்தவர்களில் பலர் மறுபடி பருமனாவதைப் பார்த்து, ‘கட்டுப்பாடு இல்லை’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ஓராண்டு முழுவதும் தன் குடலோடு வாதாடிக்கொண்டு உணவு மேசையில் உட்கார்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் பார்ப்பதில்லை.

மரபின் பங்கும் சிறிதல்ல. ஸ்வீடனில் பிறந்தபின் பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்து 1990-இல் ஒரு கட்டுரை வந்தது. வளர்ந்த வீடு வேறாக இருந்தும் ஒரே கருவில் உருவான இரட்டையர்களின் உடல்நிறைக் குறியீட்டெண் மிக நெருக்கமாக இருந்தது. பருமனோடு தொடர்புடைய எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவர்களுக்கு, உணவுக்குப் பின் கிரெலின் சரியாக அடங்குவதில்லை என்பது 2013-இல் தெரியவந்தது. இந்தப் பிள்ளை அந்த வகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை.

பல்லி தந்த மருந்து

குடல் ஹார்மோன்களின் வலிமைக்கு இன்றைய பெரிய சான்று மருந்துக்கடையில் இருக்கிறது. ஜி.எல்.பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடம் அளவுதான் தாக்குப்பிடிக்கும். ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் வாழும் கிலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜி.எல்.பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருள் கிடைத்தது. அதிலிருந்து உருவான எக்செனடைடு 2005-இல் நீரிழிவு மருந்தாக ஒப்புதல் பெற்றது. பின்னர் மனித ஜி.எல்.பி-1-ஐயே சிறிது மாற்றி, வாரம் ஒரு ஊசி போதும் என்ற அளவுக்கு நீடிக்கும் செமாகுளுடைடு வந்தது. அமெரிக்காவில் 2021-இல் உடல் பருமனுக்கும் அது ஒப்புதல் பெற்றது. 2025-இல் இவ்வகை மருந்துகள் எடைக் குறைப்புக்காக இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன.

இவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டிய மருந்துகள். பக்கவிளைவுகளும் உண்டு. யாரும் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் நாம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் வேறு. பல ஆண்டுகள் முயன்றும் முடியாதவர்கள், இந்த ஊசி போட்ட சில வாரங்களில் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள். ஊசியில் மன உறுதி இல்லை, ஒரு சேதி மட்டுமே இருந்தது. இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி-1 இரண்டும் உணவுக்குப் பின் வெகுவாக உயர்வதை அளந்திருக்கிறார்கள்.

நம் வகுப்பறையில்

இவ்வளவும் தெரிந்துகொண்டு நாம் பள்ளிக்குத் திரும்புகிறோம். அங்கே என்ன செய்யலாம்?

முதலாவது, சொல். ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வைப்பதை மாணவர்கள் மட்டும் செய்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், உயரமும் எடையும் அளந்த நாளில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் எடையை வகுப்பே கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் முழுவதும் அவள் மதியம் தட்டை எடுக்கவில்லை. வீட்டில் கேட்டால் பள்ளியில் சாப்பிட்டேன் என்றாள். மாலையில் வீடு திரும்பியதும் பசி தாங்காமல் கையில் கிடைத்த நொறுக்குத் தீனியையெல்லாம் தின்றாள் என்று அவள் அம்மா பின்னர் சொன்னார். கிரெலினைப் பற்றி இப்போது நமக்குத் தெரியும். மதியத்தைத் தவறவிட்ட உடலில் மாலை நான்கரை மணிக்கு அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கேலி அவளை இளைக்க வைக்கவில்லை. சத்தான வேளை உணவை அவளிடமிருந்து பறித்து, எண்ணெய்ப் பலகாரத்திடம் அனுப்பியது.

ஆகவே எடையை ஒதுக்குப்புறமாக அளப்போம், வாய்விட்டுப் படிக்காமல் எழுதிக்கொள்வோம். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோல் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். கவலைப்பட வேண்டிய நிலை என்றால் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவோம்.

இரண்டாவது, பாடம். நான் செய்து பார்த்துப் பயன் கண்ட மூன்று செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பால்மமாதல். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீரும் சிறிது எண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் சில துளிகள் சோப்புக் கரைசல் விட்டுக் கலக்குங்கள். பித்தநீரின் வேலை கண்முன் தெரியும். உடைந்த கொழுப்பைத்தான் குடல் அறியும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இரண்டு, எண்ணெய்க் கணக்கு. ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள், எத்தனை பேர் உண்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடட்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். அதை 9-ஆல் பெருக்கினால் கலோரி. யார் வீட்டுக் கணக்கையும் வகுப்பில் படிக்க வேண்டாம். அவரவர் குறிப்பேட்டில் இருந்தால் போதும். அந்தக் கணக்கு அவரவர் வீட்டு அடுப்படிக்குத் தானாகப் போய்ச் சேரும்.

மூன்று, நாடகம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இரைப்பை, முன்சிறுகுடல், பின்சிறுகுடல், மூளை என்று அட்டை மாட்டிக்கொண்டு மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். ‘உணவு’ என்று எழுதிய சீட்டுகள் கைமாறும். முன்சிறுகுடலுக்குச் சீட்டு வந்ததும் சி.சி.கே. மாணவர் ஓடிப்போய் மூளையிடம் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். பின்சிறுகுடலிலிருந்து பி.ஒய்.ஒய். ஓட வேண்டும். மூன்று முறை கேட்ட பிறகே மூளை உணவை நிறுத்தலாம் என்பது விதி. முதல் சுற்றை இயல்பாக விளையாடச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில், பி.ஒய்.ஒய். மாணவரிடம் மட்டும் இரகசியமாக ‘மெதுவாக நடந்து போ, காதோடு சொல்’ என்று சொல்லிவிடுங்கள். இரைப்பையில் சீட்டுகள் குவிந்துவிடும். பிறகு, ‘இதில் தப்பு யார் மேலே?’ என்று கேளுங்கள். மூளை தன் மேல் தப்பில்லை என்று சொல்லும். இரைப்பையும் அப்படியே. எங்கள் வகுப்பில் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்பு ஒரு பையன், “யார் மேலயும் இல்ல டீச்சர், சேதி லேட்டா வந்துச்சு” என்றான். அன்று நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

மூன்றாவது, பழக்கம். ‘சேதி’ தாமதமாக வரும் என்றால் அது வந்து சேர நேரம் கொடுக்க வேண்டும். மதிய உணவை அவசரமாக விழுங்காமல் உட்கார்ந்து மென்று உண்ணும் நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்போம். முட்டை, பயறு, சுண்டல், காய்கறி ஆகியவற்றைத் தட்டில் ஒதுக்காமல் உண்ணச் சொல்வோம். புரதமும் நார்ச்சத்தும் நிறைவைத் தருவதில் எண்ணெயைவிடச் சிறந்தவை. விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் காப்பாற்றுவோம். பருமனான பிள்ளையையும் அணியில் சேர்ப்போம். ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் காலணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்குக் கொடுக்க வேண்டாம். இந்த நல்ல பழக்கங்கள் ஒல்லியான பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் பொதுவானவை. ஒருவனை மட்டும் தனியே நிறுத்திச் சொன்னால் அது தண்டனையாகிவிடும். வகுப்புக்கே சொன்னால் பாடமாக இருக்கும்.

குடல் ஹார்மோனைத் தெரிந்துகொண்டதால் பருமனுக்கு யாரும் பொறுப்பில்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உணவு, உறக்கம், ஓடியாடும் விளையாட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கும், பள்ளி வாசலில் என்ன விற்கப்படுகிறது என்பதற்கும் பங்கு உண்டு. அந்தப் பொறுப்பில் மிகச் சிறிய பங்குதான் பதின்மூன்று வயதுப் பிள்ளையினுடையது. நாமோ முழுப் பொறுப்பையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

அடுத்த முறை செரித்தல் பாடம் வரும்போது, கரும்பலகையில் குடலின் படத்தை வரைந்து முடித்ததும், அதிலிருந்து மூளைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அதன் மேல் ‘போதும்’ என்று எழுதுங்கள். அந்த அம்புக்குறி சிலருக்குத் தடிமனாகவும் சிலருக்கு மெல்லியதாகவும் இருக்கும் என்று சொல்லுங்கள். கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அன்று நிமிர்ந்து பார்க்கும்.